அத்தை என்றால் யார்?

குழந்தைகளின் மூளைக் கட்டிக்கு மரபுக் காரணம் தேடும் வேலையில், ராமநாதபுரம் கடற்கரையில் முதலில் சறுக்குவது ஆய்வகத்தில் அல்ல, குடும்ப மரம் வரையும் தாளில்தான். "மாமியார் உங்களுக்கு என்ன வேணும்மா?" என்றால் "அத்தை" என்று பதில் வரும். அந்நியத்தில் கட்டினாலும் மாமியார் அத்தைதான். கீழக்கரைப் பக்கம் மாமி. "அவங்களும் உங்க அப்பாவும் ஒரே வயித்துல பொறந்தவங்களா?" என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். கணவர் சொந்த அத்தை மகன் என்றால், பிள்ளையின் ஒரு மரபணுவின் இரு நகல்களும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 16-ல் 1. தாய்மாமன் என்றால் 8-ல் 1. அப்பாவின் பெரியப்பா மகளும் அத்தைதான். அவர் மகன் என்றால் 64-ல் 1.

இவ்வளவு துருவக் காரணம் உண்டு. உடம்பில் காபி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் எல்லோரும் என்எஃப்1 என்ற மரபணு நோய் என்று எழுதிவிடுகிறார்கள். பிஎம்எஸ்2, எம்எஸ்எச்6 போன்ற டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணு ஒன்றின் இரு நகல்களும் கெட்டுப்போன பிள்ளைக்கும் அதே திட்டுகள் வரும், மூளைக் கட்டியும் வரும். பெற்றோர் தோலைப் பார்த்துப் பிரிக்க முடியாது. என்எஃப்1 பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது புதிதாக வந்த மாற்றம், பெற்றோரிடம் இருக்காது. பழுதுபார்க்கும் மரபணு வகை என்றால் கூடப்பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆபத்து 4-ல் 1. உறவுமுறையைத் தவறாக எழுதினால் இந்தச் சந்தேகமே எழாமல் போகும்.

பிறந்த எடையை வாய்வார்த்தையாகக் கேட்பது வீண். எல்லாப் பிள்ளையும் "மூணு கிலோ" ஆகிவிடும். 4 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களுக்குச் சில கட்டிகளில் தெரியும் சிறு கூடுதல் ஆபத்து அந்த ரவுண்டு எண்ணில் கரைந்துவிடும். தாய் சேய் அட்டையைப் பார்த்தே எழுத வேண்டும். முதல் வாந்தி, தலைவலி எப்போது என்பதற்கு மாதம் கேட்காமல் "தடைக்காலத்துக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால், மீன்பிடித் தடை தொடங்கும் ஏப்ரல் 15, முடியும் ஜூன் 14 என இரண்டு உறுதியான தேதிகள் கிடைக்கும். தலை சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் எதற்காக எடுத்தார்கள் என்பதும் வேண்டும். கட்டியின் அறிகுறிக்காக எடுத்த ஸ்கேனைக் கட்டிக்குக் காரணமாக எண்ணிவிடக் கூடாது.

மரபணுச் சோதனைக்கான ரத்தம், உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில், ஊதா மூடி. ஹெப்பாரின் குழாயில் எடுத்தால், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனை தடுமாறும். ரத்தப்பொட்டு அட்டையை நிழலில் குறைந்தது 3 மணி நேரம் படுக்கையாக உலர்த்த வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் அதுவும் போதாது. அட்டையோடு வைக்கும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகிவிட்டால் உடனே மாற்றணும்.

அப்பாவின் மாதிரியை முதலில் எடுத்துவிடுவது நல்லது. அவர் வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டால், பிள்ளையிடம் கண்ட மாற்றம் புதிதா, வழிவழியாக வந்ததா என்பது அடுத்த லீவு வரை தொங்கும்.