நூற்றுக்கு நாலு

"காஸில கரண்ட் எடுத்துப்போட்டு, அந்தப் புகையைப் பிடிச்சு வைக்கேலாதா மாமா?" என்று மருமகன் கேட்டான். வளைகுடாவில் எரிவாயு மின் நிலையத்தில் வேலை செய்துவிட்டு திருகோணமலை உப்புவெளிக்குத் திரும்பியவன் நான் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் போட்ட நிலக்கரி மின் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது, 2025 இல் அங்கே 120 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். ஆனாலும் இரவுக்கு என்ன வழி என்று கதை தொடங்கினால் அது எரிவாயுவில்தான் வந்து நிற்கிறது. புகையைப் பிறகு பிடிக்கலாம் என்று யாராவது சேர்த்துச் சொல்வார்கள்.

பிடிக்கலாம், ஆனால் நிலக்கரிப் புகையை விட இது கடினம். நிலக்கரிப் புகையில் காபனீரொட்சைட்டு நூற்றுக்கு 12 முதல் 14 வரை இருக்கும். எரிவாயுவை எரித்துச் சுழலும் டேர்பைனின் புகையில் இருப்பது நாலு மட்டில்தான். டேர்பைனின் சுழலும் தகடுகள் சூட்டில் உருகாமல் இருக்க, எரிவதற்குத் தேவையானதைப் போல இரண்டு மூன்று மடங்கு காற்றை உள்ளே தள்ளுகிறோம். அந்தக் காற்று முழுவதும் புகைபோக்கி வழியாகத்தான் வெளியேறுகிறது. அதற்குள்ளிருந்து அந்த நாலைப் பொறுக்க வேண்டும்.

பொறுக்குவது அமைன் கரைசல், அமோனியா வகையைச் சேர்ந்த ஒரு இரசாயனம். முதலில் புகையை 40 பாகை அளவுக்குக் குளிரவைத்து, ஓர் உயர்ந்த கோபுரத்தின் அடியால் விடுவார்கள். மேலிருந்து அமைன் வடியும்போது காபனீரொட்சைட்டு அதில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கோபுரத்தில் அமைனை 120 பாகை வரை சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும், அமைன் திரும்பவும் வேலைக்குப் போகும். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் டேர்பைன் புகையில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசன் அமைனையே மெல்ல மெல்லக் கெடுக்கிறது. அதில் அமிலங்கள் சேர்ந்து குழாய்களை அரிக்கும், புது அமைன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புகையில் ஒரு பங்கைத் திரும்ப டேர்பைன் வாயிலுக்கே அனுப்பிச் செறிவைக் கூட்டும் முறை ஒன்று உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

சூட்டுக்கான நீராவி எங்கிருந்து வரும்? டேர்பைன் புகையின் சூட்டில் கொதிகலனில் உண்டாக்கி, இன்னொரு டேர்பைனில் மின்சாரம் எடுக்க வேண்டிய நீராவியில் இருந்துதான். 300 மெகாவாட் நிலையம் என்றால், பிடித்த வாயுவை அமுக்குவதையும் சேர்த்து 30 முதல் 40 மெகாவாட் வரை இதற்கே போய்விடும். ஆகவே நீராவி டேர்பைனின் நடு அழுத்தப் பகுதிக்கும் தாழ் அழுத்தப் பகுதிக்கும் இடையில் நீராவி இழுக்கும் வாயை வரைபடத்திலேயே வைத்திருக்க வேண்டும். கொதிகலனுக்குப் பக்கத்தில் கோபுரங்களுக்கான காணியையும் முதலே ஒதுக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் "பிறகு பிடிக்கலாம்" என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பெலிங்ஹாமில் டேர்பைன் புகையிலிருந்து நாளுக்கு 300 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டைப் பிடித்து உணவுத் தொழிலுக்கு விற்றார்கள். 1991 இல் தொடங்கிய அது 2005 வரை ஓடியது. ஆனால் 300 மெகாவாட் நிலையம் முழு மூச்சில் ஓடினால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2500 தொன் வரும். நோர்வேயின் மொங்ஸ்ராட்டில் 2012 இல் எரிவாயு நிலையப் புகையை வைத்துப் பெரிய அளவில் பரிசோதிக்கத் தொடங்கினார்கள், ஆனால் அங்கே முழு நிலையத்துக்கும் போட்ட திட்டம் 2013 இல் நிறுத்தப்பட்டது. காசுள்ள நாட்டுக்கே அந்த நிலைமை.

சரி, பிடித்தாயிற்று என்றே வைப்போம். அந்த 2500 தொன்னை எங்கே வைப்பது? நோர்வேக்காரர் 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் பிரித்தெடுக்கும் காபனீரொட்சைட்டை வட கடலின் அடியிலுள்ள மணற்கல்லுக்குள் செலுத்துகிறார்கள். அதற்கு நுண்துளையுள்ள படிவுப் பாறையும், அதன் மேல் கசியாத மூடிப் பாறையும் வேண்டும். திருகோணமலைக்குக் கீழே இருப்பது இறுகிய பழைய உருமாறிய பாறை. படிவுப் பாறை தேடினால் 2011 இல் எரிவாயு கண்ட மன்னார்க் கடல் போன்ற பக்கம் போக வேண்டும், அதுவோ தீவின் மற்றக் கரை. எரிவாயு நிலையம் என்று யாராவது ஊர்க் கூட்டத்துக்குத் திட்டம் கொண்டுவந்தால், அந்தக் குழாய்க்கோ கப்பலுக்கோ ஆகும் செலவை அதே கடதாசியில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்பேன்.