நோயாளி யார் என்று பைலட்டிடம் சொல்லாதீர்கள்

சற்று முன் வீட்டுக்கு மேலே தாழ்வாக ஒரு ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் பனிமூட்டத்தில் எதிர்வீட்டு மரம்கூட பாதிதான் தெரிகிறது.

அமெரிக்காவின் இதே மேரிலாந்து மாநிலத்தில், 2008 செப்டம்பரில், கார் விபத்தில் அடிபட்ட இரண்டு பெண்களை ஏற்றி வந்த போலீஸ் ஹெலிகாப்டர் நள்ளிரவு மூட்டத்தில் மாட்டிக்கொண்டது. தரை கண்ணில் பட்டுவிடும் என்று வேகமாகக் கீழே இறக்கியிருக்கிறார் பைலட். பூங்கா மரங்களில் மோதி விழுந்தது. ஐந்து பேரில் நான்கு பேர் போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் பல ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் சேவைகளில் பைலட்டிடம் நோயாளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. வானிலை எப்படி, போக முடியுமா, அவ்வளவுதான் கேள்வி. சரிதானே, 'சின்னக் குழந்தை' என்று காதில் விழுந்தால் முடியாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்த ஹெலிகாப்டர்களுக்கு அமெரிக்க அரசு 2014-ல் கொண்டுவந்த விதி, தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. இருட்டில் பார்க்க உதவும் கண்ணாடியை மட்டும் ஏனோ விட்டுவிட்டது.