பாங்காக்கில் ஐந்து நாள் கடை ஏறி இறங்கிய கதை

இன்று அதிகாலைதான் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் அக்காவும் ஐந்து நாள் பாங்காக் போயிருந்தோம். கோயில், படகு, சாப்பாடு எல்லாம் தனியாக எழுதுகிறேன். இது முழுக்க ஷாப்பிங் பற்றி. நாள்வாரியாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பிரதுனாமை மூன்றாம் நாள்வரை தள்ளிவைக்க மனசு வரவில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரதுனாம் மொத்த விலைத் துணிச் சந்தை. தெருவோரக் கடைகளும் உண்டு, பிளாட்டினம் ஃபேஷன் மால் என்று ஏசி கட்டடமும் உண்டு. மால் என்றதும் பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆள் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் கடைகள், மாடி மாடியாக. ஒரு கடையில் பருத்திச் சட்டை ஒன்றை அக்கா தொட்டுப் பார்த்தாள். கடைக்காரப் பெண் எதுவும் பேசாமல் கால்குலேட்டரில் 250 என்று தட்டி நீட்டினார். அப்புறம் மூன்று விரலைக் காட்டி 180 என்று தட்டினார். ஒன்று வாங்கினால் 250 பாட் (தாய்லாந்துப் பணம்), மூன்றாக எடுத்தால் ஒன்று 180. மூன்றும் ஒரே நிறமாக இருக்க வேண்டியதில்லை என்றும் கையாலேயே சொல்லிவிட்டார். இந்த மூன்று கணக்கு தெரிந்துவிட்டால் பிரதுனாமில் பாதி வேலை முடிந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்தே எடுத்ததால் எங்கேயும் ஒற்றை விலை கொடுக்கவில்லை. தனியாகப் போகிறவர்கள் ஒரு துணையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பல கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் உங்களுக்குப் பொருந்துகிற சட்டை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய் அளவு வைத்துப் பாருங்கள்.

அங்கே போக சேன் சேப் கால்வாய்ப் படகுதான் என் சிபாரிசு. டிராஃபிக்கே கிடையாது, டிக்கெட்டும் சில்லறைக் காசுதான். எதிரே இன்னொரு படகு வந்தால் தண்ணீர் தெறிக்கும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டென்று கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை மேலே தூக்குவார்கள். இரண்டாவது தடவை நானே இழுத்தேன்.

திரும்பும்போதுதான் வயிற்றெரிச்சல். சாயங்காலம், மழை, இரண்டு கையிலும் பை. டாக்ஸிக்காரர் மீட்டர் போட மாட்டேன், 400 பாட் என்றார். வேறு வழியில்லாமல் ஏறினோம். மறுநாள் அதே தூரம் மீட்டரில் 95 பாட்தான் வந்தது. கூடக் கொடுத்த 300 பாட் என்றால் கிட்டத்தட்ட இரண்டு சட்டை! இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. மழை விடும்வரை நின்றிருக்கலாம். மேம்பால நடைபாதையில் நடந்தாலும் சிட் லோம் ரயில் நிலையம் வந்துவிடும்.

அடுத்தது டுக்டுக், அந்த ஊர் ஆட்டோ. அரண்மனைப் பக்கம் நல்ல உடுப்பில் ஒருவர் வந்து, "இன்று மதியம்வரை அரண்மனை மூடல், 20 பாட்டுக்கு ஊரைச் சுற்றிக் காட்டச் சொல்கிறேன்" என்று ஒரு வண்டியைக் கைகாட்டினார். வண்டி நேராக ஒரு ரத்தினக் கடை வாசலில் நின்றது, அடுத்து ஒரு தையல் கடை. கூட்டி வரும் ஆளுக்குக் கடையில் கமிஷன் உண்டு. தையல் கடையில் நாற்காலி போட்டு, குளிர்பானம் கொடுத்து, கோட் அளவெடுக்க டேப்பை விரித்துவிட்டார்கள். "எழுந்திருடி, போகலாம்" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அரண்மனை திறந்துதான் இருந்தது. மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் வாசல்வரை போய்ப் பார்த்துவிடுங்கள். சுற்றுலாப் போலீஸ் எண் 1155, போனில் போட்டு வையுங்கள்.

சரி, சதுச்சாக். சனி, ஞாயிறு சந்தை. 1982 முதல் இதே இடத்தில் நடக்கிறது. மொத்தம் 27 பிரிவுகள், எல்லாவற்றையும் பார்ப்பது நடக்காத காரியம். கம்பெங் பெட் மெட்ரோவில் இறங்கினால் சந்தைக்குள்ளேயே ஏறலாம். நடுவில் இருக்கும் மணிக்கூண்டை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் இருமுறை பிரிந்துபோய் அதன் அடியில்தான் சேர்ந்தோம். காலை ஒன்பதுக்கே போய்விட வேண்டும். பதினொன்றுக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே வெந்துபோவோம். பிடித்த பொருளை உடனே வாங்கிவிடுங்கள், திரும்பி வந்து அதே கடையைக் கண்டுபிடிக்க முடியாது.

அங்கேதான் பென்ஜரோங் கிண்ணத்தைப் பார்த்தேன். தாய்லாந்தின் பீங்கான் கலை. பெயரைக் கேட்டதும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. பஞ்ச ரங்கம், ஐந்து நிறம் என்ற வடமொழிச் சொல்தான் அங்கே பென்ஜரோங் ஆகியிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம், மூடியின் உச்சியில் சின்ன மொட்டு. வெளியே பச்சை, சிவப்பு, நீலம் என்று பூ வேலை. ஒவ்வொரு இதழையும் சுற்றித் தங்கக் கோடு. விரலால் தடவினால் அந்தக் கோடு லேசாக மேடு தட்டுகிறது. 700 பாட். பட்ஜெட்டில் இல்லாத செலவுதான், இரண்டு வேளை தெருவோர நூடுல்ஸோடு முடித்துக்கொண்டேன். இந்தப் பயணத்தில் நான் வாங்கிய எதையும்விட இதுதான் எனக்குப் பிடித்தது.

சைனா டவுன் சம்பெங் சந்தில் பாசிமணி, ரிப்பன், பொம்மை எல்லாம் டஜன் கணக்கில் மலிவு. ஆனால் தள்ளுவண்டியும் மோட்டார் சைக்கிளும் அந்தச் சந்துக்குள்ளேயே வரும், குழந்தைகளோடு போக வேண்டாம். அதன் கோடியில் பஹுராத், இந்தியர்களின் துணிக்கடைப் பகுதி. பக்கத்தில் தங்கக் கும்பம் வைத்த குருத்வாரா.

சியாம் பக்கத்துப் பெரிய மால்களுக்கு ஒரு மாலை போதும். உலகமெங்கும் இருக்கும் அதே பிராண்டு கடைகள், விலையும் குறைவில்லை. அங்கே வாங்கினால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஒரே கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 பாட்டுக்கு வாங்கினால் 7 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திருப்பித் தரும் கடை என்ற போர்டு மட்டும் இருக்க வேண்டும். அக்கா பையும் காலணியும் வாங்கி, வரி திரும்பப் பெறும் படிவத்தைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். விமான நிலையத்தில் செக்-இன் முடித்த பிறகுதான் அதை வெளியே எடுத்தாள். மொத்தம் 20,000 பாட்டோ அதற்கு மேலோ வாங்கியிருந்தால், சுங்க முத்திரையை அதற்கு முன்னாலேயே, பொருளைக் காட்டி வாங்கியிருக்க வேண்டுமாம். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது, பையும் காலணியும் இருந்த பெட்டி ரப்பர் திரைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.