கதவு சாத்திய சத்தம் கேட்கவில்லை

மூன்று மாதமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரவுக் கடல், வாட்டர்கலரில். கடலும் வானமும் சேரும் இடத்தில் ஒரு கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் இண்டிகோ என்கிற கருநீலம், அப்புறம் இன்னும் கொஞ்சம். கடைசியில் தாள் கரிபிடித்த சட்டி மாதிரி ஆகிவிடும். இப்படி ஐந்து தாள்களைப் பாழாக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, "ஒரு டிக்கெட் மிச்சம் இருக்கு, கிளம்பு" என்று அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள்.

ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் கோளுக்கு ஒரு பகுதியாக எழுதிய 'கோள்கள்'. மேடையில் முழு சிம்ஃபனி இசைக்குழு வாசிக்க, அவர்கள் தலைக்கு மேல் பெருந்திரையில் விண்கலங்கள் எடுத்த படங்கள் ஓடும். உண்மையைச் சொன்னால் நான் போனது திரைக்காகத்தான். சனியின் வளையங்களை அவ்வளவு பெரிதாகப் பார்த்தால் ஏதாவது வண்ணச் சேர்க்கை சிக்காதா என்ற சுயநலம். பையில் ஸ்கெட்ச் புத்தகமும், தேய்ந்து கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்ட ஒரு 4பி பென்சிலும் இருந்தன.

இடம் கிடைத்தது மேல்மாடத்தில், ஓரமாக. திரை கோணலாகத் தெரிந்தது. வயலின்காரர்களின் கைகள்தான் நன்றாகத் தெரிந்தன. முதலில் எனக்கு எரிச்சல்.

செவ்வாய் தொடங்கியது. ஐந்து எண்ணிக்கைத் தாளம். கால் ஊன்ற இடம் தராமல் தள்ளிக்கொண்டே போகிறது. அதில் காய்ந்த சுள்ளிகள் மோதுகிற மாதிரி ஓர் ஓசை. எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்தேன். வில்லின் மயிரை விட்டுவிட்டு, வில்லைத் திருப்பி, அதன் மரத்தால் தந்திகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும். நல்ல வில் கீறிப்போகும் என்று சிலர் இதற்கென்றே ஒரு மலிவு வில் வைத்திருப்பார்களாம். அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. வண்ணம் படக்கூடாத இடத்தை மூடிவைக்கும் மாஸ்கிங் திரவம் தொட நானும் ஒரு வீணாய்ப்போன பிரஷ் வைத்திருக்கிறேனே! திரையில் சிவப்புப் பாறைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததாக நினைவே இல்லை.

இன்னொன்றும் அந்த ஓர இடத்தில் இருந்துதான் தெரிந்தது. அரங்கின் பின்பக்கம் சின்ன விளக்கு எரியும் ஒரு மேசை. அங்கே ஒரு பெண் இசைக்குறிப்பை விரித்து வைத்து, வாசிப்பவர்களோடு சேர்ந்து பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் ஒரு பொத்தானைத் தட்டுவார். திரையில் அடுத்த படம் வரும். இசை நடத்துநர் ஓரிடத்தில் கொஞ்சம் நிதானித்தால் அவர் விரலும் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். திரையையும் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை. ஹோல்ஸ்ட் இதை எழுதியது 1914-க்கும் 1917-க்கும் இடையில், ஜோதிடத்தின் மீது வந்த ஆர்வத்தில். அவருடைய செவ்வாய் போரைக் கொண்டுவருபவன், சனி முதுமையைக் கொண்டுவருபவன். கல்லும் மண்ணும் வாயுவுமாக அவர் எதையும் நினைக்கவில்லை. வியாழன் பகுதியில் திரை மேகச் சுழல்களைச் சுற்றிச் சுற்றிக் காட்டியபோது, ஒருவர் பாடும்போது பக்கத்தில் இன்னொருவர் பேசிக்கொண்டே இருப்பது போல இருந்தது. மாறாக, சனியில் ஒரே படத்தை அசையாமல் நிறுத்திவிட்டார்கள். சூரியனைத் தன் பின்னால் மறைத்து நிற்கும் சனி. காசினி விண்கலம் எடுத்தது. புல்லாங்குழல்களும் ஹார்ப்புகளும் மாறி மாறி, ஒரு கிழவரின் நடை போல மெல்ல ஆடின. அங்கே மட்டும் கண்ணும் காதும் சண்டை போடவில்லை.

கடைசிப் பகுதி நெப்டியூன். திரையில் அந்தப் பிரபலமான கருநீல உருண்டை, 1989-இல் வாயேஜர் 2 விண்கலம் எடுத்தது. இருட்டில் பென்சிலை எடுத்து "ப்ரஷியன் ப்ளூ, துளி ஊதா" என்று எழுதி வைத்தேன். (மறுநாள் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த நீலம் படத்தில் கான்ட்ராஸ்டைக் கூட்டியதால் வந்த நீலமாம். 2024-இல் வந்த ஆய்வின்படி நெப்டியூன் வெளிறிய பச்சை கலந்த நீலம். யுரேனஸுக்கும் அதற்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்லவேளை, அதற்குள் நான் வண்ணம் கலக்கவில்லை.)

இதுவும் ஐந்து எண்ணிக்கைதான். செவ்வாயில் மண்டையில் அடித்த அதே ஐந்து இங்கே மிதக்கிறது. முழுப் பகுதியையும் மிக மெல்லிய ஒலியிலேயே வாசிக்கச் சொல்லியிருக்கிறார் ஹோல்ஸ்ட். கொஞ்ச நேரத்தில் பெண்களின் குரல்கள் சேர்ந்தன. மேடையில் பாடகர்கள் யாரும் இல்லை. பக்கத்து அறையில் நின்று, திறந்த கதவு வழியாகப் பாடுகிறார்கள். கடைசி ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் பாட, அந்தக் கதவை ஓசையில்லாமல் மெல்லச் சாத்த வேண்டும், குரல் தூரத்தில் கரையும்வரை. இது எழுதிவைத்த குறிப்பு! கதவையும் ஒரு வாத்தியமாக வாசிக்கிறார்கள்.

அந்த மேசைப் பெண் நல்ல ரசனைக்காரர். குரல் அடங்குவதற்கு முன்பே திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டார். பார்க்க எதுவும் இல்லை. குரல் இருக்கிறது. இருக்கிறதா? இருக்கிறது போலத்தான் இருந்தது. எப்போது நின்றது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைப் பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு தவித்தது மட்டும் தெளிவாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்தால் ஒரே கிறுக்கல். இருட்டில் வரைந்ததால் ஒரு வில் மேல் இன்னொரு வில், அதன் மேல் யாருடைய முழங்கையோ. 1911 ஜனவரியில் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசையைக் கேட்டுவிட்டு வந்த ஓவியர் காண்டின்ஸ்கியும் முதலில் கரித்துண்டால் அவசரமாகத்தான் வரைந்தார். பியானோவும் அதைச் சுற்றிய தலைகளும் அதில் தெரியும். ஓவியமாக ஆனபோது பாதி கேன்வாஸுக்கு மேல் மஞ்சள் பொங்கிவிட்டது, பியானோ ஒரு கறுப்புத் திட்டாகிவிட்டது. என் கிறுக்கலில் அப்படி ஒன்றும் பொங்கவில்லை. ஆனால் அந்தக் கதவு மண்டையைவிட்டுப் போகவில்லை.

நான் மூன்று மாதமாகக் கதவை டமார் டமாரென்று சாத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இருட்டென்றால் அடர்த்தி என்று நினைத்து, ஒவ்வொரு பூச்சையும் அதே கோட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். கோடு தடிக்காமல் என்ன செய்யும்?

இந்த முறை தாளை முழுக்க நனைத்தேன். கடலின் அடியில் மட்டும் இண்டிகோ தொட்டு, பலகையை மேல்நோக்கிச் சாய்த்து, பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். அதுதான் கஷ்டம், கை சும்மா இருக்காது. முதல் தாளில் தண்ணீர் திரும்பி ஓடி காலிஃப்ளவர் மாதிரி கறை பூத்தது. இரண்டாவதில் பொறுமை இழந்து நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டேன், பழக்கதோஷம். மூன்றாவதில் நீலம் தானாக ஏறி, மெலிந்து, எங்கேயோ தாளின் வெள்ளையாகிவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டு, "கடல் எங்கே முடியுதுன்னு காட்டு" என்றேன். விரலை ஓரிடத்தில் கொண்டுபோனாள். கொஞ்சம் மேலே நகர்த்தினாள். பிறகு விரலை எடுத்துக்கொண்டு, "முதல்ல காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.