தோட்டாப் பெட்டியில் ஒட்டிய சீட்டு

ஞாயிறு காலை முழுவதும் தில்லி மயூர் விகார் வீட்டில், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் பயிலும் மகளின் .22 (சிறிய ரைபிள்) தோட்டாக்களைப் பிரித்து அடுக்கினோம். சென்ற வாரம் துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்தில் அவளுடைய புள்ளிகள் திடீரென்று குறைந்தன. "நான் சரியாகத்தான் சுட்டேன், அப்பா" என்றாள், கண் கலங்க. பிறகுதான் பார்த்தேன்: மீந்துபோன இரண்டு பெட்டித் தோட்டாக்களை நான் ஒன்றாகக் கொட்டி வைத்திருந்தேன். தொகுதி எண்கள், அதாவது ஒரே தடவையில் தயாரானவற்றுக்கு நிறுவனம் இடும் எண்கள், வேறு வேறு.

50 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். ஒரே நிறுவனத் தோட்டா என்றாலும் தொகுதி மாறினால் வேகம் சற்று மாறும்; அந்தச் சிறு மாற்றமே இங்கே பெரிது.

டெக்சாஸில் இருக்கும் மைத்துனர் பெரிய ரைபிளுக்குத் தாமே தோட்டா நிரப்புகிறவர். ஒவ்வொரு பெட்டியிலும் வெடிமருந்தின் பெயர், எடை, குண்டின் எடை, பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), தேதி, எந்த ரைபிளுக்கு என்று எழுதி ஒட்டுவார். அங்கே சீட்டு இல்லாத பெட்டி ஆபத்தானது: ஒரு துப்பாக்கி தாங்கும் மருந்தளவு இன்னொன்றை உடைத்துவிடலாம். எங்கள் .22இல் அந்த வேலையே இல்லை. பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், மறுபடி நிரப்ப முடியாது.

ஆனாலும் அவர் முறையையே பின்பற்றினேன். தொகுதி எண், பிரித்த நாள், மீதி எத்தனை. போட்டிக்கு உரியதற்குச் சிவப்புச் சீட்டு, பயிற்சிக்கு வெள்ளை. கலந்துபோன 37 தோட்டாக்களைத் தனியே கட்டி, "கலப்பு" என்று மகளே தடித்த எழுத்தில் எழுதினாள். பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.