பூம்பாறை, மே 2024

மே 7, செவ்வாய்

இ-பாஸ் வந்துவிட்டது. இன்று முதல் அது இல்லாமல் கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ வெளியூர் வண்டி ஏற முடியாது, உயர் நீதிமன்ற உத்தரவு. இன்ஹேலர், நெபுலைசர், மாத்திரைப் பை, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் மெஷின், அதற்கு மாற்று பேட்டரி. எல்லாம் ஒரே பையில், என் காலடியில்தான் இருக்கணும்.

மே 8, புதன்

மதுரையில் அப்பாவுக்கு ஆக்சிஜன் 95. வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போதும் 95.

காமக்காபட்டி செக்போஸ்ட்டில் பாஸைக் காட்ட நீண்ட வரிசை. அப்பா முன் சீட்டில். மலை ஏற ஆரம்பித்ததும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்க ஆரம்பித்துவிட்டது. “மாப்ள, வளைவுக்கு முன்னாடியே செகண்டுக்கு வந்துருங்க. வளைவுல வச்சு மாத்தாதீங்க.” இவர் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. இந்த ரோட்டில் கேட்டார்.

டம்டம் பாறையில் நிறுத்தச் சொன்னார். ரேடியேட்டர் கொதித்தால் அந்தக் காலத்தில் அங்கேதான் நிப்பாட்டுவார்களாம். எதிரே எலிவால் அருவி. “975 அடி. தமிழ்நாட்டுலயே இதான் ஒசரம்” என்று சின்னவளிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அருவியைப் பார்த்தேன்.

ஊத்து 93. பெருமாள்மலை 92. காட்டேஜ் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 91.

எல்லாரும் தூங்கியாச்சு. இந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் விகிதம் அதே 21 சதவீதம்தான். அழுத்தம்தான் ஊரில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போவது குறைவு. நல்ல நுரையீரல் இருப்பவர்களுக்கே ஒன்றிரண்டு இறங்கும். என் விரலில் போட்டுப் பார்த்தேன், 95. பெரியவனுக்கு 96. அப்பாவுக்கு 91 என்றால் அது சாதாரணம்தானே. டாக்டர் சொன்ன எல்லை 88. அதற்கு இன்னும் மூன்று இருக்கிறது.

மே 9

விடிகாலை ஐந்து மணிக்கு 87.

இவரை எழுப்பி வண்டிச் சாவியை எடுக்கச் சொல்லிவிட்டேன். அதற்குள் அம்மா அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏண்டி, கை ஐஸா இருக்கு, இதுல என்ன காட்டும்?” என்றாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப் போன இடம் இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. அம்மா வெந்நீர் டம்ளரைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். 87. 87. 89. பிறகு ஒரே தாவாக 92. அப்பா இதெல்லாம் நடக்கும்போதே மறுபடி தூங்கிவிட்டார்.

குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு, மெஷின் தப்பாகக் காட்டும். இது எனக்குத் தெரியும். ஐந்து மணிக்கு எதுவும் நினைவுக்கு வராது.

காட்டேஜைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சாயங்காலம் விறகோடு வந்தான். ஹாலில் கணப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதை ஏற்ற வேண்டும் என்று ஆசை. முடியாது என்றேன். வெளியே கேம்ப் ஃபயர்? அதுவும் முடியாது. சுவர் முழுக்கப் பலகை, ஒவ்வொரு இடுக்கிலும் புகை உள்ளே வரும். சின்னவள் அழுதாள். அழட்டும்.

மே 10, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் ஒன்பதரைக்கு. காட்டேஜில் சிக்னல் இல்லை. இவரும் பெரியவனும் மேல் ரோட்டு வளைவுக்கு ஓடினார்கள். அப்பா வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். 462! அப்பா மடியில் முடிந்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். ஊரிலேயே முடிந்துகொண்டு வந்திருக்கிறார்.

மத்தியானம் மெஷின் போட மறந்துவிட்டது.

மே 11

92.

மே 12, ஞாயிறு

வளைவு வரை போய் என் கூடப்பிறந்த தம்பியிடம் போனில் பேசினேன். “ஏசி ரூம் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு. மூச்சு முடியாதவரை மலைக்கு ஏன்க்கா கூட்டிட்டுப் போன?” அவன் சென்னையிலிருந்து கேட்கிறான். கத்திரி வெயிலில் அந்த மாடி அறையில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரே, அது அவனுக்குத் தெரியாது. போன மாதம் முழுக்க அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. கொடைக்கானல் டவுன்கூட வேண்டாம், பூம்பாறை போதும் என்றார். டாக்டரிடம் கேட்டுத்தான் கூட்டி வந்தேன். ஒன்று ஆகிவிட்டால் நான்தான் பதில் சொல்லணும், சொல்கிறேன். ஆனால் கேட்டதை இல்லை என்று சொல்லிவிட்டு அந்த அறைக் கதவைச் சாத்த என்னால் முடியாது.

இதில் ஒரு வார்த்தைகூட அவனிடம் சொல்லவில்லை. “சரிடா, பாத்துக்கிறேன்” என்று வைத்துவிட்டேன்.

மே 13

மழை. பலகைச் சுவர் ஊறி, கதவு சாத்த மாட்டேன் என்கிறது. நெபுலைசர் போடுகிற நேரமாகப் பார்த்துக் கரன்ட் போனது. இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

மே 15

அப்பா ஊருக்குள் போகணும் என்றார். குழந்தை வேலப்பர் கோயில் வரை வண்டியில் போனோம். போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பார்கள். அப்பா வெளியில் நின்றபடியே கும்பிட்டுவிட்டு, சந்து ஒன்றைக் காட்டி, “அந்தப் பக்கம்” என்றார்.

நைட் ஹால்ட் பஸ் நிற்கும் இடம். கடைசி டிரிப் வந்து சேர்ந்ததும் அவரும் கண்டக்டரும் சீட்டிலேயே படுத்துக்கொள்வார்கள், காலையில் முதல் டிரிப் எடுக்கணும். குளிர் தாங்காத ராத்திரிகளில் ஒரு வீட்டில் அடுப்படியில் படுக்கச் சொல்வார்களாம். அந்த வீடு இன்னும் இருக்கிறது. அந்த அம்மாவும் இருக்கிறார். வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்து, “டிரைவரண்ணே?” என்றார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே கம்பு கட்டி மலைப்பூண்டைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். புகை பட்டால்தான் பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் இருக்குமாம். கீழ்வரிசை பழுப்பு, மேலே போகப் போகக் கரிக் கறுப்பு. அந்தப் புகைக்குள் என் அப்பா குனிந்து போய், அவருக்கென்றே இருந்த இடம் போல அடுப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் வாசற்படியில் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடத்தான் வாய் வரவில்லை. இருமினார். பேசினார். இருமினார். அந்த அம்மா சொன்ன எதற்கோ சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

வண்டியில் ஏறியதும் மெஷினை எடுத்தேன். விரலை மடக்கிக்கொண்டார்.

“இப்ப வேணாம் தாயி.”

ஒரு கொத்துப் பூண்டு கொடுத்திருக்கிறார்கள். வண்டி முழுக்க அந்த வாசம்.

மே 16

காலை 90. கை சூடாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்க இருமல். அம்மா என்னோடு பேசவில்லை.

மே 17, வெள்ளி

பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம், பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். மலைப்பக்கம் இன்னும் கனமழை என்கிறார்கள். தம்பி நாலு தடவை கூப்பிட்டிருக்கிறான். பிரையன்ட் பூங்காவில் இன்றுதான் மலர்க் கண்காட்சி ஆரம்பம், பிள்ளைகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தோம். போகவில்லை. ரோட்டில் மரம் விழுந்தால் மாட்டிக்கொள்வோம். நாளைக்கே இறங்குகிறோம்.

அப்பா மறுப்பு சொல்லவில்லை. ஆனால் விடிகாலை முதல் பஸ் கிளம்புவதைப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டாராம். அந்தக் குளிரில், அந்த ஈரத்தில். அம்மா திட்டிப் பார்த்தாள், இவர் கெஞ்சிப் பார்த்தார். அசையவில்லை. கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்வெட்டர், குரங்கு குல்லா, கையுறை, பிளாஸ்க்கில் வெந்நீர். நாலரைக்கு அலாரம். இப்போது 89, கையைத் தேய்த்த பிறகு 91. பெரியவனையும் எழுப்பணும், குடை பிடிக்க ஆள் வேண்டும்.