காரணம் எழுதப்படாத கடிதம்

பழைய கையெழுத்துக் கடிதங்களைப் படித்துத் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் எழுதியவர், பெறுநர், நாள், காரணம் ஆகியவற்றை அட்டவணையில் நிரப்பும் பணியில் சில ஆண்டுகள் இருந்தேன். கடிதத்தில் இல்லாததை ஊகித்து நிரப்பக் கூடாது என்பதே அங்கு எங்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்ட விதி. அதன் அருமையை எனக்கு உணர்த்தியவர், அமெரிக்காவின் டென்னசி, டெக்சாஸ் ஆகிய இரு மாநிலங்களிலும் மக்கள் வாக்கால் ஆளுநரான சாம் ஹூஸ்டன்.

1829 ஏப்ரல் 16 அன்று டென்னசி ஆளுநர் பதவியிலிருந்து விலகி அவர் எழுதிய கடிதத்தில், திடீர்த் துயரங்கள் தம்மை ஆட்கொண்டுவிட்டதாக மட்டுமே சொல்கிறார். அவ்வாண்டு ஜனவரியில் மணந்த எலிசா ஆலன், மூன்று மாதம்கூட நிறையாத நிலையில் தந்தை வீட்டுக்குத் திரும்பியிருந்தார். ஏன் என்பதை ஹூஸ்டன் கடைசிவரை பொதுவில் சொல்லவில்லை. பதவியைத் துறந்தவர், இளம் வயதில் தம்மை மகனாக ஏற்று 'அண்டங்காக்கை' என்று பெயரிட்ட செரோக்கி மக்களிடமே, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போய்ச் சேர்ந்தார்.

பின்னர் டெக்சாஸ் சென்று, 1836இல் மெக்சிகோ படைக்கு எதிரான சான் ஹசிந்தோ போரில் வென்று, டெக்சாஸ் குடியரசின் தலைவராக இருமுறையும் அமெரிக்க மேலவை உறுப்பினராகப் பதின்மூன்று ஆண்டுகளும் இருந்து, 1859இல் மீண்டும், இம்முறை டெக்சாஸின், ஆளுநரானார். அமெரிக்க ஒன்றியத்தை விட்டு டெக்சாஸ் பிரிவதற்கு 1861 பிப்ரவரியில் 46,153 பேர் ஆதரவாகவும் 14,747 பேர் எதிராகவும் வாக்களித்தனர். மார்ச் 16 அன்று, பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்கு விசுவாச உறுதிமொழி ஏற்க அவர் மறுத்துவிட்டதால், துணை ஆளுநர் எட்வர்ட் கிளார்க் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் படையுதவி தர முன்வந்தும், டெக்சாஸ் மக்களின் இரத்தம் சிந்தித் தம் பதவியைக் காத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை. ஆயினும் அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அவர் காக்க முயன்றது ஒன்றியத்தையே அன்றி அடிமைப்பட்டோரின் விடுதலையை அல்ல என்பதை மறைத்து அவரைப் போற்ற எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 16 அன்று மக்களுக்கு அவர் விடுத்த அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது, மக்களின் உரிமைகள் மிதிக்கப்பட்டன என்பதில் தொடங்கி அவர் வரிசையாக அடுக்கும் காரணங்களை அட்டவணையின் சிறிய கட்டத்துக்குள் சுருக்க நான் பெரிதும் திணறினேன். 1829ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு எதிரே 'மணமுறிவு' என்று எழுதிவிடலாம் என்று உடன் பணியாற்றியவர் சொன்னார். ஊரறிந்த செய்திதானே என்றார். தட்டச்சுப் பலகையில் கை வைத்தபடி நெடுநேரம் யோசித்தேன். முப்பத்து நான்கு ஆண்டுகள், இறக்கும்வரை ஒருவர் வாய் திறக்காமல் காத்த ஒன்றை, அவர் சார்பில் ஒரே சொல்லில் எழுதிவிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு, கோப்பை ஒப்படைத்தேன்.